நூற்றில் மூன்றரைப் பேர்

2018 அக்டோபரில் பாஸ்டன் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு மூன்று வாரம் நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் மாணவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. அதுவரை சேர்க்கை அலுவலகத்தின் அலமாரிக்குள்ளேயே இருந்த மதிப்பீட்டுத் தாள்கள், உள் கணக்குகள், தேர்வுக் குழுவின் நடைமுறைகள் எல்லாம் நீதிபதியின் மேசைக்கு வந்தன. அந்தக் காகிதக் குவியலில், பிள்ளையின் கல்லூரியை எண்ணித் தூக்கம் தொலைத்த பெற்றோர் அவசியம் பார்த்திருக்க வேண்டிய ஒரு கணக்கு இருந்தது.

2019-ல் பட்டம் பெறவேண்டிய வகுப்புக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் ஏறத்தாழ 26,000 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் பள்ளியில் ஒரு பாடத்திலும் ஒரு புள்ளிகூடக் குறையாதவர்கள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் கணிதப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் சுமார் 3,400 பேர். மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் சுமார் 2,700 பேருக்கு. ஹார்வர்டு அனுப்பக்கூடிய அனுமதிக் கடிதங்களோ 2,000-க்கும் குறைவு. பள்ளி மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாக வைத்தாலும், குறையே இல்லாத நான்கு பிள்ளைகளில் மூவரைத் திருப்பி அனுப்பித்தான் ஆகவேண்டும்.

அதற்குப் பிறகு நெருக்கடி கூடித்தான் இருக்கிறது. 2024 வசந்தத்தில் ஹார்வர்டு முடிவுகளை அறிவித்தபோது விண்ணப்பங்கள் 54,008, இடம் பெற்றவர்கள் 1,937. நூற்றுக்கு மூன்றரைப் பேர்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. ஆனால் இங்கே கணக்கு வேறு. பிளஸ் டூ முடிவு வந்த அன்றைக்கே வீட்டில் யாராவது ஒருவர் காகிதத்தை எடுத்துவிடுவார். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, ஆக 200-க்கு எவ்வளவு என்று போட்டுப் பார்ப்பார். போன வருடத்து கட்-ஆஃப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், பொறியியல் கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு கைக்கு எட்டும் என்பது இரவுக்குள் ஓரளவு தெரிந்துவிடும். விதி ஒன்றுதான், அது எல்லாருக்கும் தெரியும், மாணவரைப் பற்றிய எல்லாமும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் அந்த ஊகம் பலிக்கிறது. அந்த எண் ஒரு பிள்ளையின் திறமையை முழுதாகச் சொல்லிவிடுகிறதா என்பது வேறு கேள்வி. முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்பது மட்டும் உண்மை.

அமெரிக்காவிலும் அப்படிக் கணிக்க முடிகிற இடங்கள் உண்டு. டெக்சாஸ் மாநிலம் 1997-ல் ஒரு சட்டம் போட்டது. மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம். ஆஸ்டின் வளாகத்தில் கூட்டம் தாங்காமல் அந்த வரம்பை ஆறு சதவீதமாகச் சுருக்கினார்கள். 2026-ல் சேருகிறவர்களுக்கு அது ஐந்து சதவீதம். ஹூஸ்டனில் படிக்கும் பிள்ளை தன் வகுப்பில் தான் எத்தனையாவது என்று பார்த்தாலே போதும். விரும்பிய பாடப்பிரிவு கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பல்கலைக்கழகத்துக்குள் இடம் உறுதி.

ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் இந்த வழி செல்லாது. காரணம் அந்த வழக்கிலேயே தெரிந்தது. ஹார்வர்டில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் படிப்பு, படிப்புக்கு வெளியிலான செயல்பாடு, விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியே 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். 1 என்றால் மிகச் சிறப்பு. பிறகு நாற்பது பேர் அளவிலான குழு உட்கார்ந்து, பகுதி பகுதியாகப் பேசி, வாக்கெடுத்து முடிவு செய்கிறது. படிப்புக்கு 2 வாங்கியவர்கள் விண்ணப்பித்தவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். 1 வாங்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வகுப்பில் முதலாவதாக வருவது மட்டும் அந்த 1-க்குப் போதாது. பதினேழு வயதில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சியைச் செய்து காட்டுகிற அளவுக்குப் போயிருக்க வேண்டும். ஊரே மெச்சும் மாணவி, பள்ளி ஆசிரியர்கள் கண்ணில் ஒளியோடு பேசும் மாணவி, அந்தத் தாளில் இன்னும் பத்தாயிரம் பேரோடு சேர்ந்து ஒரு 2.

அந்தப் பத்தாயிரம் பேரிலிருந்து யாரை எடுப்பது என்ற இடத்தில்தான் கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், நேர்காணல் எல்லாம் வருகின்றன. கூடவே கல்லூரியின் சொந்தத் தேவைகளும் வருகின்றன. இசைக்குழுவில் ஓபோ வாசிப்பவர் இந்த ஆண்டு பட்டம் பெற்றுப் போகிறாரா, கிரேக்க இலக்கியத் துறைக்கு ஆள் வேண்டுமா, மொன்டானாவிலிருந்து யாராவது இருக்கிறார்களா என்பதெல்லாம் விண்ணப்பிக்கும் பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை.

வழக்கில் வெளிவந்த இன்னொரு உண்மை பலருக்குக் கசந்தது. விளையாட்டுப் பயிற்சியாளர்கள் கேட்டு எடுக்கும் வீரர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்பால் முதல்வரின் சிறப்புப் பட்டியலில் இடம் பெற்றவர்கள், பேராசிரியர்களின், ஊழியர்களின் பிள்ளைகள் என நான்கு வகையினர் விண்ணப்பித்தவர்களில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. இடம் பெற்றவர்களில் அவர்கள் ஏறத்தாழ முப்பது சதவீதம். பழைய மாணவரின் பிள்ளை என்றால் மூவரில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. அந்த உறவு இல்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், 36 பேருக்கு இடம் என்று வைத்துக்கொள்வோம். வழக்குக் காலத்து விகிதம் இன்றும் அப்படியே இருந்தால், அந்த 36-ல் 11 இடம் சுமார் 50 பேருக்குள் போய்விடும். மீதமுள்ள 950 பேருக்கு இருப்பது 25 இடம். செய்தித்தாளில் 3.6 சதவீதம் என்று அச்சாகும் எண், அப்படி எந்த ஆதரவும் இல்லாத பிள்ளைக்கு 2.6 ஆகிவிடுகிறது. இதை எந்தக் கல்லூரியும் தன் அறிவிப்பில் எழுதுவதில்லை. எழுதவேண்டும்.

2023 ஜூலையில் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் குடும்பப் பின்னணியின் இந்தப் பங்கைப் பெயர்பெற்ற பன்னிரண்டு கல்லூரிகளுக்குச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஹார்வர்டு உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகளோடு ஸ்டான்ஃபோர்டு, மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி., டியூக், சிகாகோ. ஒரே தேர்வு மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளில், நாட்டின் வருமான உச்சியில் உள்ள ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை இந்தக் கல்லூரிகளில் படிக்கும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையின் வாய்ப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மாநிலங்களின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த வேறுபாடு காணப்படவில்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு, மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை என்று ஒருவர் முடிவு கட்டினால் அதுவும் தவறு. ஸ்டான்ஃபோர்டு 2013-ல் சொன்ன ஒரு கணக்கு இதற்கு நல்ல உதாரணம். எஸ்.ஏ.டி. அப்போது 2400-க்கு நடந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 2400-க்கு 2400 வாங்கி விண்ணப்பித்தவர்களில் 69 சதவீதத்தினருக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த வரியைப் படிக்கும் பெற்றோர் மனம் உடைந்து போகிறார்கள். ஆனால் அதே வரியைத் திருப்பிப் படித்தால், 31 சதவீதத்தினருக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் மொத்தமாகக் கிடைத்தது நூற்றுக்கு ஆறேழு பேருக்குத்தான். முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்குப் பொதுவாக வேறு பலங்களும் இருப்பதால், அந்த வித்தியாசம் முழுவதையும் தேர்வின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. கூடிய பிறகும், கிடைக்காமல் போவதற்கான சாத்தியமே அதிகம். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்வது பெரியவர்களுக்கே கடினம். பதினேழு வயதுப் பிள்ளையிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அமெரிக்கப் பள்ளிகளில் அந்தப் பொறுப்பு கவுன்சிலர் எனப்படும் ஆலோசகருடையது. நியூ ஜெர்சியின் எடிசனில் ஒரு மாணவி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். எஸ்.ஏ.டி. 1600-க்கு 1560, வகுப்பில் முதல் ஐந்து சதவீதம், பள்ளி விவாத அணியின் தலைவி, வீட்டில் தமிழ். நல்ல ஆலோசகர் ஒருவர் அவளுடைய வாய்ப்பைக் கணிக்க முதலில் பார்ப்பது நாட்டின் சராசரியை அல்ல, அந்தப் பள்ளியின் வரலாற்றை. இதே பள்ளியிலிருந்து கடந்த ஆண்டுகளில் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்களின் மதிப்பெண்களைப் புள்ளிகளாக வைத்துக் காட்டும் வரைபடங்கள் நேவியன்ஸ் போன்ற மென்பொருள்களில் இருக்கின்றன. பச்சைப் புள்ளிகள் இடம் பெற்றவர்கள், சிவப்பு மறுக்கப்பட்டவர்கள். ஒரு மூலையில் பச்சை மட்டுமே இருந்தால் நம்பலாம். பச்சையும் சிவப்பும் பின்னிக் கிடந்தால், அந்தக் கல்லூரி மதிப்பெண்ணுக்கு அப்பால் வேறு எதையோ பார்க்கிறது என்று பொருள். எந்தப் பச்சைப் புள்ளி நீச்சல் வீரருடையது, எது பழைய மாணவரின் மகளுடையது என்று வரைபடம் சொல்லாது. பல ஆண்டு அதே பள்ளியில் இருக்கும் ஆலோசகருக்குத் தெரியும்.

அடுத்தது பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் நிரப்பி வெளியிடும் பொதுத் தரவுப் படிவம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், சேர்ந்தவர்களின் மதிப்பெண்கள் எந்த எல்லைக்குள் இருந்தன, காத்திருப்போர் பட்டியலிலிருந்து எத்தனை பேரை எடுத்தார்கள், விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தைக் கணக்கில் கொள்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். விளம்பரச் சிறுநூல்களைவிட இந்த வறண்ட படிவம் பலமடங்கு பயனுள்ளது.

பிறகு பாடப்பிரிவு. தமிழ்க் குடும்பங்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிப்பவர்களில் பாதியை ஒட்டிய அளவினருக்கு இடம் கிடைக்கிறது, ஆகவே பயமில்லை என்று நினைப்பார்கள். ஆனால் கணினி அறிவியலுக்கு நேரடியாக விண்ணப்பித்தால், அந்த மாநிலத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் இடம். வெளிமாநிலத்தவருக்கு அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். அதாவது நம் எடிசன் மாணவிக்கு, கணினிப் படிப்பென்றால், அந்த அரசுப் பல்கலைக்கழகம் ஹார்வர்டைவிட எளிதல்ல.

இன்னொரு சறுக்கல் கணிதம் தெரிந்த அப்பாக்களுக்கு நேர்கிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து சதவீத வாய்ப்பு உள்ள கல்லூரிகளில் பத்துக்கு விண்ணப்பித்தால், ஒன்றிலாவது கிடைக்க 40 சதவீதம்; இருபதுக்குப் போட்டால் 64 சதவீதம் என்று கணக்கு சொல்லும். பொது விண்ணப்பப் படிவத்தின் வழியே இருபது கல்லூரிகள் வரை அனுப்பவும் முடியும். சூத்திரம் சரி, ஆனால் அது பகடைக்குத்தான் பொருந்தும். ஒவ்வொரு முறை உருட்டும்போதும் பகடை பழையதை மறந்துவிடும். இங்கே இருபது கல்லூரிக்கும் போவது ஒரே மதிப்பெண் பட்டியல், அதே இரண்டு ஆசிரியர்களின் கடிதம், பெரும்பாலும் அதே கட்டுரை. ஓர் இடத்தில் அது சோபிக்காமல் போனதற்கான காரணம் அடுத்த இடத்திலும் இருக்கும். அதனால் மார்ச் இறுதியில் சில பிள்ளைகளுக்கு ஒரே மாலையில் நான்கைந்து கடிதங்கள் வருகின்றன. அதே அளவு நன்றாகப் படித்த வேறு சிலருக்கு வரிசையாக மறுப்பு வருகிறது. அந்த மாலை ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை எந்தச் சதவீதமும் காட்டுவதில்லை.

முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் அனுப்பினால் டிசம்பர் நடுவில் பதில். 2023 டிசம்பரில் ஹார்வர்டு அப்படி வந்த 7,921 பேரில் 692 பேரை எடுத்தது. கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம். மொத்த விகிதத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் பலர் அவசரப்படுகிறார்கள். ஆனால் விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம். வாய்ப்பு கூடியிருப்பது வழியாலா, வழியில் வருகிற ஆட்களாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சில கல்லூரிகளில் இப்படி விண்ணப்பித்துக் கிடைத்தால் அங்கேயே சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டும் உண்டு. உதவித்தொகையை நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கும் குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

ஒரு கல்லூரியின் சதவீதம் அதன் தரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதும் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 2006 வாக்கில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் எடுத்துக்கொண்டிருந்தது. பொது விண்ணப்பத்தில் சேர்ந்து, ஊர் ஊராக விளம்பரம் செய்த பின் 2016-ல் அது எட்டுக்கும் கீழே போனது. பாடம் நடத்துவது அதே தீவிரத்தோடுதான் நடந்தது. கொரோனா காலத்தில் எஸ்.ஏ.டி. கட்டாயமில்லை என்றதும் ஹார்வர்டுக்கு ஒரே ஆண்டில் விண்ணப்பங்கள் 40,248-லிருந்து 57,435-ஆக உயர்ந்தன. இடங்கள் கூடவில்லை. சதவீதம் ஐந்திலிருந்து மூன்றரைக்கு இறங்கியது.

அந்தத் தேர்வு விலக்கு வேறொரு பாடமும் கற்றுத் தந்தது. டார்ட்மத் கல்லூரி தன் விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது, வசதி குறைந்த பிள்ளைகள் பலர் தங்கள் மதிப்பெண் போதாது என்று தாங்களே எண்ணி அதை அனுப்பாமல் விட்டது தெரிந்தது. அனுப்பியிருந்தால் அவர்களுக்கு அது உதவியிருக்கும். அவர்கள் படித்த பள்ளியின் நிலையோடு வைத்துத்தான் கல்லூரி அந்த மதிப்பெண்ணைப் பார்க்கிறது. 2024 பிப்ரவரியில் டார்ட்மத் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. எம்.ஐ.டி. 2022-லேயே அப்படிச் செய்திருந்தது. தன் வாய்ப்பைத் தானே குறைத்து மதிப்பிட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கேட்டுச் சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள். கணிப்பு தவறும்போது அதிக நட்டம் அவர்களுக்குத்தான்.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. எம்.ஐ.டி. வெளிநாட்டவரில் ஆண்டுக்கு எடுப்பது சுமார் 150 பேருக்குள்தான், உலகம் முழுவதற்கும் சேர்த்து. பணத்தேவையும் வாய்ப்பை மாற்றும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டாலும் அது தேர்வைப் பாதிக்காது. பிற பெரும்பாலான கல்லூரிகளில் பாதிக்கும். ஒரே பிள்ளைக்கு, உதவி கேட்டால் ஒரு வாய்ப்பு, கேட்காவிட்டால் வேறு வாய்ப்பு.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே போவதால் கிடைப்பது என்ன? பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடத்தில் படித்தவர்களைப் பின்தொடர்ந்தது. பிற்காலச் சம்பளத்தில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆதாயம் இருந்தது. செட்டி குழுவின் 2023 ஆய்வும் சராசரி வருமானம் பெரிதாக மாறவில்லை என்றே கண்டது. ஆனால் வருமானத்தின் உச்சி ஒரு சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு மட்டும் சுமார் ஐம்பது சதவீதம் கூடுவதையும் கண்டது.

எடிசன் மாணவியின் ஆலோசகர் கடைசியில் ஒரு பட்டியல் போடுவார். எட்டிப் பார்க்க இரண்டு மூன்று, பொருந்தி வரக்கூடியவை நான்கைந்து, உறுதியாகக் கிடைக்கக்கூடியவை இரண்டு. அனுபவமுள்ளவர்கள் பட்டியலைக் கீழிருந்து தொடங்குகிறார்கள். அவளுக்கு உறுதியானது ரட்ஜர்ஸ், வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். உள்மாநிலத்தவருக்குரிய கட்டணம், விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இடம். வேறெதுவும் கிடைக்கவில்லை என்றால் போகிற இடமாக அதை அவள் எழுதக்கூடாது என்பதால், ஆலோசகர் அவளை ஒருநாள் வளாகத்துக்கு அனுப்பிவைப்பார். அங்கே வேளாண்மைக் கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் ஆய்வகம் இருந்தது. 1943-ல் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவர், ரட்ஜர்ஸிலேயே இளநிலையும் படித்தவர், பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனின் வழிகாட்டலில் வேலை செய்துகொண்டிருந்தார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்த அவர், காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசினை அந்த அறையில்தான் பிரித்தெடுத்தார்.